வெள்ளிக்கிழமை மதியத்துக் கூந்தல்

சீயக்காய் அரைத்து முடித்த மாவு மில்லைத் தாண்டிப் போகும்போது மூக்கில் ஏறுகிற அந்தக் காரநெடி போதும், ஒரு தலைமுறைக்கே வெள்ளிக்கிழமை ஞாபகம் வந்துவிடும். வெந்தயம், பச்சைப்பயறு, பூலாங்கிழங்கு, வெயிலில் காய்ந்து முறுகிய எலுமிச்சைத் தோல் எல்லாம் சீயக்காயோடு சேர்ந்து அரைபடும் வாசனை அது. அரிசி மாவில் அந்த வாசனை ஏறிவிடக் கூடாது என்று இதற்குத் தனி மிஷின் வைத்திருப்பார்கள். ஆண்களுக்குச் சனிக்கிழமை, பெண்களுக்குச் செவ்வாயும் வெள்ளியும் என்று எண்ணெய்க் குளியலுக்கு நாள் பிரித்துக் கொடுத்திருந்த வீடுகளில், வெள்ளிக்கிழமைக் காலை முழுக்கத் தலைமுடியைச் சுற்றியே நடக்கும். காய்ச்சிய எண்ணெய் உச்சியில் சூடு பறக்கத் தேய்க்கப்படும்; வடிகஞ்சியில் கரைத்த சீயக்காய் கண்ணில் பட்டு யாராவது அலறுவார்கள்; ஈரத் தலையைத் துண்டால் முடிந்துகொண்டு அடுப்படி வேலை தொடரும். பிறகு தணலில் சாம்பிராணியைத் தூவி, அதன் மேல் மூங்கில் கூடையைக் கவிழ்த்து, கூடையின் மேல் கூந்தலை விரித்துக் காயவைப்பார்கள். மதியச் சாப்பாடு முடிந்து திண்ணையிலோ முற்றத்திலோ உட்காரும்போது, நுனியில் மட்டும் ஒரு முடிச்சோடு, காதோரமும் பிடரியும் காற்றோட்டமாக எழும்பி நிற்கிற அந்தக் கூந்தல் வாரம் முழுக்கப் பார்த்த கூந்தலின் இரண்டு மடங்கு இருப்பதுபோலத் தெரியும். விளக்கு வைக்கிற நேரம் வந்தால் கதை முடிந்தது. ‘தலையை வாரி முடிஞ்சுக்கோ’ என்று பாட்டியின் குரல் வரும். மறுநாள் காலை மறுபடியும் எண்ணெய், மறுபடியும் இறுக்கிய பின்னல்.

இன்று பார்லர் நாற்காலியில் உட்கார்ந்து, கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டி, ‘நீளம் போகக் கூடாது, ஆனால் நல்லா அடர்த்தியாத் தெரியணும், லேயர் வேணும்’ என்று கேட்கிற பெண் விரும்புவது அந்த வெள்ளிக்கிழமை மதியத்துக் கூந்தலைத்தான் என்பது என் எண்ணம். அவள் அதை ஏழு நாளைக்கும் கேட்கிறாள், அவ்வளவுதான் வித்தியாசம். லேயர் கட் என்பதை வெளியிலிருந்து வந்து நம் பின்னலைக் கெடுத்த ஒரு நாகரிகமாகப் பார்ப்பவர்களும் சரி, படத்தைக் காட்டினால் கத்தரி அதைத் தலையில் இறக்கிவைத்துவிடும் என்று நம்புபவர்களும் சரி, ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். இரு தரப்பும் கத்தரியைப் பார்க்கிறார்கள். கழுவுவதையும் காயவைப்பதையும் பார்ப்பதில்லை. கூந்தல் பொங்கி நிற்பதும் படிந்து கிடப்பதும் முக்கால்வாசி எண்ணெயும் தண்ணீரும் காற்றும் தீர்மானிக்கிற விஷயம். ஆகவே நீளக் கூந்தலுக்கு எந்த லேயர் வெட்டு என்று தேர்ந்தெடுக்க முகத்தின் வடிவத்தைவிட, வாரத்தில் எத்தனை நாள் தலைக்குக் குளிக்கிறோம், குளித்த முடி எப்படிக் காய்கிறது, காய்ந்த பின் எதற்குள் முடியப்படுகிறது என்கிற மூன்றும் முக்கியம்.

அடர்த்தியாகத் தெரிய வேண்டும் என்ற ஆசை ஒன்றும் புதிதில்லை. முன்பு அதைச் சேர்த்துச் சம்பாதித்தார்கள். சீப்பில் வருகிற முடியைத் தூக்கி எறியாமல் உருட்டி, சுவரிடுக்கிலோ ஒரு துணிப்பையிலோ சேர்த்துவைத்து, சேர்ந்தபின் சவுரி கட்டக் கொடுப்பது எத்தனையோ வீடுகளில் வழக்கம். சொந்த முடியிலேயே கட்டிய சவுரி என்பதால் நிறம் பொருந்திப் போகும். மூன்று கால் பின்னலில் ஒவ்வொரு காலுக்கும் ஒரு சவுரி ஓடும். அதன் நுனியில் குஞ்சலம், விசேஷ நாளில் தலையில் ராக்கொடி, பின்னலின் முதுகில் ஜடைவில்லை. உதிர்ந்த முடியை எடைக்கு வாங்கிக்கொண்டு பாத்திரமோ மிட்டாயோ தருகிறவர்கள் தெருவில் குரல் கொடுத்துக்கொண்டு போவார்கள். அந்த வியாபாரம் இன்றும் நடக்கிறது, விக் தயாரிப்புக்காக. வெளிநாட்டிலும் அந்தக் காலத்தின் போக்கு இதேதான். சிகாகோவில் மார்கரெட் வின்சி ஹெல்ட் என்ற சிகையலங்காரக்காரர் 1960இல் உருவாக்கிய பீஹைவ் கொண்டை, முடியைத் தலைகீழாகச் சீவி உப்பவைத்து ஸ்ப்ரே அடித்து நிறுத்திய கோபுரம். அறுபதுகளின் தமிழ்ப் படங்களில் நாயகிகளின் தலையில் ஏறிய கொண்டைகளும் உள்ளே ஏதாவது திணித்து உயர்த்தியவையே. கத்தரி அப்போதும் இருந்தது, ஆனால் நெற்றியோடு நின்றுகொண்டது. அதே 1960இல் வந்த ‘லவ் இன் சிம்லா’ இந்திப் படத்தில், சாதனாவின் அகன்ற நெற்றியை மறைக்க ஆட்ரி ஹெப்பர்னைப் பார்த்து வெட்டிய முன்முடி, ‘சாதனா கட்’ என்று நாடு முழுக்கப் பரவியது. முன்னால் நான்கு விரல் முடி போனதற்கே வீடுகளில் சண்டை நடந்த காலத்தில் பின்னால் யாரும் கை வைக்கவில்லை.

லேயர் வெட்டு இதற்கு நேர் எதிர்த் திசையில் வேலை செய்கிறது. எடுத்துவிட்டு அடர்த்தி காட்டுகிறது. இது எப்படி என்று கேட்டால், எடை. இடுப்பு வரை ஒரே மட்டமாக வளர்ந்த முடியில் ஒவ்வொரு இழையும் தன் முழு நீளத்தின் எடையையும் வேரிடத்தில் தொங்கவிடுகிறது; உச்சி படிந்து, அடி கனத்து, மொத்தமும் ஒரு திரைச்சீலை மாதிரி விழுகிறது. மேல் அடுக்கு முடியின் நீளத்தைக் குறைத்தால் அதன் எடை குறைகிறது, வேர் எழும்புகிறது, இயல்பான நெளிவு எங்கே இருந்தாலும் அது தலைதூக்குகிறது. மேல் அடுக்கின் நுனி கீழ் அடுக்கின் மேல் வந்து விழும் இடமெல்லாம் ஒரு சிறிய புடைப்பு. இதைச் செய்ய, ஸ்டைலிஸ்ட் ஒரு முடிக்கற்றையைத் தலையிலிருந்து எத்தனை டிகிரி தூக்கிப் பிடிக்கிறார் என்பதே கணக்கு. தூக்காமல் கீழேயே வைத்து வெட்டினால் ஒரே மட்டம். 90 டிகிரியில், அதாவது தலைக்குச் செங்குத்தாகப் பிடித்து வெட்டினால் எல்லா அடுக்கும் ஏறக்குறைய ஒரே நீளம் பெற்று நன்றாக உப்பும்; ஆனால் கீழே நீளம் போய்விடும். முடியை முழுக்க மேலே, உச்சிக்கு நேராகத் தூக்கி வெட்டினால் மேலே குட்டையும் கீழே நெட்டையுமாக, நீளம் கெடாத அடுக்குகள் கிடைக்கும். நீளக் கூந்தலுக்குப் பெரும்பாலும் இந்த மூன்றாவதுதான் பொருந்தும். சில ஆண்டுகளாகப் பேசப்படும் பட்டர்ஃப்ளை கட் இதன் கொஞ்சம் துணிச்சலான வடிவம். மேலே தாடை வரை ஒரு குட்டை அடுக்கு, கீழே நீளம் அப்படியே. முன்பக்கம் மட்டும் பார்த்தால் முடி வெட்டிக்கொண்ட பெண், பின்பக்கம் பார்த்தால் வெட்டிக்கொள்ளாத பெண்.

இப்படிக் கணக்குப் போட்டு வெட்டிய தலையில் இரண்டு ஸ்பூன் தேங்காயெண்ணெயைத் தடவிப் பாருங்கள். வெட்டு மறைந்துவிடும். எண்ணெய் இழைகளை ஒன்றோடொன்று ஒட்டி, அடுக்கு அடுக்காகப் பிரிந்திருந்ததை மறுபடி ஒரே கற்றையாக்கிவிடுகிறது. அமெரிக்காவில் ஃபாரா ஃபாசெட்டின் சிறகு விரித்த கூந்தல் 1976இல் ஒரு போஸ்டராகவும் ‘சார்லீஸ் ஏஞ்சல்ஸ்’ தொடராகவும் வீடு வீடாகப் போனபோது, அந்தப் படம் நம் ஊர் பத்திரிகைகளுக்கு எட்டாமலில்லை. ஆனால் இங்கே அது தலையில் ஏறவில்லை. காரணம் கூச்சம் என்பார்கள். கூச்சம் பாதிக் காரணம். தினமும் எண்ணெய் வைக்கிற தலையில் அந்த வெட்டுக்கு வேலையே இல்லை என்பது மீதிப் பாதி. எண்ணெயை இறக்கிவைத்தது கத்தரிக்காரர்கள் இல்லை, கடலூர்க்காரர்கள். சின்னி கிருஷ்ணன் தொடங்கிவைத்த சிறு பாக்கெட் முறையும், அவர் குடும்பத்திலிருந்து வந்த வெல்வெட், 1983இல் சி. கே. ரங்கநாதன் தொடங்கிய சிக் போன்ற ஷாம்புகளும், பாட்டில் வாங்க முடியாத வீட்டிலும் ஒரு தடவைக்கான ஷாம்புவைச் சில்லறைக் காசுக்குக் கொண்டுவந்தன. பெட்டிக்கடையில் சரம் சரமாகத் தொங்கிய அந்தப் பாக்கெட்டால், வெள்ளிக்கிழமைக்காகக் காத்திருக்க வேண்டிய தேவை போயிற்று. புதன்கிழமை காலையில், பேருந்து வருவதற்கு முன், கால் மணி நேரத்தில் தலைக்குக் குளித்துவிட்டுக் கிளம்ப முடிந்தது. அதற்குப் பிறகுதான் ‘ஸ்டெப் கட்’, ‘லேயர் கட்’, ‘யூ கட்’, ‘ஃபெதர் கட்’ என்கிற சொற்கள் நம் ஊர்ப் பார்லர் பலகைகளில் வரிசைகட்டின. வேலைக்குப் போவது, விடுதி வாழ்க்கை, தொலைக்காட்சி எல்லாவற்றுக்கும் இதில் பங்கு உண்டு என்பதை மறுக்கவில்லை. அவை ஆசையைக் கொடுத்தன. ஆசையைத் தலையில் நிறுத்தியது எண்ணெய் போன வெறும் முடி.

படத்தைக் காட்டி வெட்டிக்கொள்வதில் உள்ள சிக்கலுக்கு உலகமறிந்த சாட்சி ஒன்று உண்டு. 1994இல் தொடங்கிய ‘ஃபிரண்ட்ஸ்’ தொடரில் ஜெனிஃபர் அனிஸ்டனுக்குக் கிறிஸ் மெக்மில்லன் வெட்டிவிட்ட அடுக்கு முடி, ‘ரேச்சல் கட்’ என்று அந்தப் பாத்திரத்தின் பேரிலேயே உலகம் சுற்றியது. அந்த முடி தன் கைக்கு அடங்கவே இல்லை, மெக்மில்லன் பக்கத்தில் இல்லாவிட்டால் தன்னால் அதைச் சரிசெய்ய முடியாது என்று அனிஸ்டனே பிற்பாடு வெளிப்படையாகச் சொன்னார். அந்தத் தலையின் சொந்தக்காரியே சொன்னது இது. படத்தில் நாம் பார்ப்பது வெட்டி, காயவைத்து, பிரஷ்ஷால் சுழற்றி முடித்த அந்த ஒரு மணி நேரத்துக் கூந்தலை. அதன் பின்னால் உள்ள வேதியியல் எளியது. முடியின் கெரட்டின் புரதத்தில் ஹைட்ரஜன் பிணைப்புகள் என்று சில உண்டு. தண்ணீர் பட்டால் அவிழும், காய்ந்தால் திரும்பக் கட்டிக்கொள்ளும். காய்கிற நேரத்தில் முடி எந்த வடிவத்தில் இருக்கிறதோ அந்த வடிவத்திலேயே கட்டிக்கொள்ளும். ரோலரும் ரவுண்ட் பிரஷ்ஷும் ஹேர் டிரையரும் செய்கிற வேலை இதுதான். ஆனால் அதே பிணைப்புகளை அவிழ்க்கக் குடம் தண்ணீர் வேண்டாம், காற்றில் உள்ள ஈரம் போதும். சென்னையில் காற்றின் ஈரப்பதம் ஆண்டின் பெரும்பகுதி 70 சதவீதத்தைச் சுற்றியே நிற்கிறது. லாஸ் ஏஞ்சலஸ் படப்பிடிப்பு அரங்கில் மாலை வரை நிற்கிற வளைவு, கடற்காற்று வீசும் திருவான்மியூரில் பேருந்து நிறுத்தம் போவதற்குள் தளர்ந்துவிடும். நேர்முடி படிந்துபோகும், நெளிமுடி சிலிர்த்துப் பரட்டையாகும். கோவையில் நன்றாக நிற்கிற வெட்டு நாகப்பட்டினத்தில் நிற்காமல் போவதற்கு ஸ்டைலிஸ்டைக் குறைசொல்லிப் பயனில்லை.

எனவே தேர்வு இப்படித்தான் தொடங்க வேண்டும் என்பேன்: டிரையரைத் தொடாமல், மின்விசிறிக் காற்றில் காய்ந்த உங்கள் முடி எப்படி விழுகிறது? பார்லருக்குப் போகும்போது அந்த முடியோடு போங்கள், எண்ணெயும் வேண்டாம், அயர்ன் செய்த முடியும் வேண்டாம். வெட்டுகிறவர் பார்க்க வேண்டியது அதைத்தான். நெளியும் சுருளும் உள்ள முடி ஈரத்தில் நீண்டு தொங்கும், காய்ந்தால் ஏறிக்கொள்ளும். ஈரத்தில் தோள்பட்டையில் நின்ற அடுக்கு காய்ந்தபின் காதோரம் போய் உட்கார்ந்தால் அழுது பயனில்லை. சுருள் முடிக்காரர்கள் காய்ந்த நிலையிலேயே வெட்டச் சொல்வது நல்லது. அடுத்த கேள்வி, மிகக் குட்டையான அடுக்கு எங்கே தொடங்க வேண்டும் என்பது. லேயர் வெட்டின் முழு முடிவும் இந்த ஒரு கேள்வியில்தான் இருக்கிறது. மற்றதெல்லாம் அலங்காரப் பெயர்கள். கன்ன எலும்பில் தொடங்கினால் உச்சி நன்றாக எழும்பும், ஆனால் தினமும் பிரஷ் பிடிக்க வேண்டும். தாடையில் தொடங்கினால் முகத்தைச் சுற்றி அசைவு இருக்கும், வாரிக் கட்டும்போது இரண்டு பக்கமும் கற்றைகள் நழுவும். கழுத்தெலும்புக்குக் கீழே தொடங்கினால் உப்பல் மிதமாகத்தான் இருக்கும், ஆனால் பின்னலில் அடங்கும், கிளிப்பில் அடங்கும், ஹெல்மெட்டிலும் அடங்கும். ஸ்கூட்டியில் அலுவலகம் போகிற பெண்ணுக்கு உச்சியில் கட்டிய உப்பல் எல்லாம் முதல் சிக்னலுக்குள் ஹெல்மெட்டுக்கு நைவேத்தியம். அவருக்கு உப்பல் காதுக்குக் கீழே, தோளை ஒட்டி இருக்கும்படி அடுக்கைத் தாழ்த்தி வெட்டச் சொல்வதே நியாயம். சந்தேகமாக இருந்தால் தாழ்வாகவே தொடங்குங்கள். முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டரோ அதைவிடச் சற்றுக் கூடவோ வளரும். ஆண்டுக்கு 12 முதல் 15. தாடையில் வெட்டிய அடுக்கு முதுகின் நடுவை எட்ட ஏறக்குறைய மூன்று ஆண்டு ஆகும். கழுத்தெலும்பில் தொடங்கியதை அடுத்த முறை உயர்த்திக்கொள்ளலாம். உயரத் தொடங்கியதைத் தாழ்த்த காலண்டர்தான் வழி.

முடி மெலிந்தவர்கள் லேயர் வெட்டினால் இன்னும் மெலிந்து தெரியும் என்று ஒரு மறுப்பு உண்டு. இது பாதிக்கு மேல் சரி. அடுக்கு என்பது கீழ் நுனியிலிருந்து முடியை எடுத்து மேலே அசைவாக மாற்றுகிற வேலை. எடுக்க முடி இருந்தால்தானே? ரப்பர் பேண்டை நான்கைந்து சுற்றுச் சுற்ற வேண்டிய மெலிந்த கூந்தலில் ஏழெட்டு அடுக்கு போட்டால் உச்சி எழும்பும், நுனி எலிவாலாகிவிடும். இடுப்பளவு நீளமும் வேண்டும், அடுக்கும் வேண்டும், அடர்த்தியும் வேண்டும் என்று மெலிந்த முடி கேட்டால் மூன்றில் ஒன்றை விட்டுத்தான் ஆக வேண்டும். விட வேண்டியது நீளம் என்பேன். தோளுக்குச் சற்றுக் கீழே, அடி மட்டமாக, முகத்தைச் சுற்றி மட்டும் ஓரிரு நீள அடுக்கு. மெலிந்த முடிக்கு இதைவிட அடர்த்தி காட்டும் வெட்டு இல்லை. அடர்ந்த முடிக்காரர்களின் ஆபத்து வேறு: எடையைக் குறைக்கிறேன் என்று மெலிதாக்கும் கத்தரியை, அந்தப் பல்வரிசைக் கத்தரியை, வேருக்குப் பக்கத்திலேயே ஓட்டிவிடுவார்கள். அன்றைக்குத் தலை லேசாகத்தான் இருக்கும். இரண்டு மாதத்தில், குட்டையாக வெட்டுப்பட்ட இழைகள் உள்ளிருந்து முட்டிக்கொண்டு வெளியே நிற்கும். அந்தக் கத்தரி நுனிப்பகுதிக்கு மட்டும்தான் என்று வாய்விட்டுச் சொல்லிவிடுவது நல்லது. அடிக்கடி வெட்டினால் முடி வேகமாக வளரும் என்ற நம்பிக்கையையும் இங்கேயே கழித்துவிடலாம். வளர்ச்சி தோலுக்குள் இருக்கும் வேரில் நடக்கிறது, நுனியில் கத்தரி பட்டது அதற்குத் தெரியாது. நுனி வெடிப்பு மேலேறாமல் தடுக்க மூன்று மாதத்துக்கு ஒருமுறை நுனி வெட்டலாம், அதற்கு மேல் அதில் மர்மம் இல்லை.

எண்ணெயை விட்டால் முடி கொட்டிவிடும் என்பது பெரியவர்களின் மறுப்பு. அதைக் கேலியாகத் தள்ளுவதில் எனக்கு உடன்பாடில்லை. தேங்காயெண்ணெய் முடித்தண்டுக்குள் ஊடுருவிப் புரத இழப்பைக் குறைக்கிறது, கனிம எண்ணெயும் சூரியகாந்தி எண்ணெயும் அப்படிச் செய்வதில்லை என்று மாரிகோ நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ரெலேயும் மோஹிலேயும் 2003இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. தேங்காயெண்ணெய் விற்கிற நிறுவனத்தின் ஆய்வுதானே என்று புருவம் உயரலாம். ஆனால் லாரிக் அமிலத்தின் மூலக்கூறு சிறியது, நேரானது, அதனால் உள்ளே போகிறது என்ற விளக்கம் பொருந்தித்தான் இருக்கிறது. அந்த ஆய்வு சொன்ன இன்னொன்றைக் கவனிக்க வேண்டும்: குளிப்பதற்கு முன் தடவினாலும் பலன் உண்டு. நம் வெள்ளிக்கிழமை முறையும் அதைத்தான் செய்தது; தேய், ஊறவிடு, கழுவு. கழுவிய மறுநாள் பின்னலைப் படியவைக்கத் தடவியது வேறு கணக்கு. அது முடியைக் காத்ததைவிட முடியை அடக்கியதற்கே அதிகம் உதவியது. லேயர் வெட்டிக்கொண்ட பெண் குளிப்பதற்கு முந்தைய இரவு எண்ணெய் வைத்துக் காலையில் அலசிவிட்டால் பாட்டியும் ஜெயித்தாள், பேத்தியும் ஜெயித்தாள். ஆழ்துளைக் கிணற்றின் கடின நீரில் குளிக்கிற ஊர்களில் இந்த முன்னெண்ணெய் இன்னும் அவசியம். அந்தத் தண்ணீரில் உள்ள சுண்ணாம்புச் சத்து முடியின் மேல் படிந்து அதை முரடாக்கும், அடுக்குகள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்காமல் சிக்கிக்கொள்ளும். கடைசி அலசலுக்கு மட்டுமாவது நல்ல தண்ணீர் ஒரு வாளி எடுத்து வைக்கலாம்.

இன்னொரு மறுப்பு முடியைப் பற்றியதே அல்ல. விரித்த கூந்தல் என்றாலே நமக்குத் துக்கமோ கோபமோதான். அவிழ்ந்த கூந்தலை முடிய மாட்டேன் என்று பாஞ்சாலி சபதம் செய்தாள், கண்ணகி அவிழ்ந்த கூந்தலோடு பாண்டியன் சபைக்குப் போனாள். ‘தலைவிரி கோலம்’ என்ற வசவு இன்றும் வாயில் இருக்கிறது. கட்டாமல் விடுவதற்காகவே செய்கிற ஒரு வெட்டு, கட்டிவைப்பதையே அடக்கமாகக் கருதிய ஒரு வழக்கத்தோடு மோதத்தான் செய்யும். அதை மழுப்பத் தேவையில்லை. ஆனால் அந்த வழக்கமே வெள்ளிக்கிழமை மதியத்துக்கு விலக்கு கொடுத்திருந்ததே! காயாமல் பின்னினால் ஈரம் தங்கும், நாற்றம் வரும், சளி பிடிக்கும் என்று வீட்டுப் பெரியவர்களே விரித்துப்போடச் சொன்ன சில மணி நேரம் அது. விரித்த கூந்தலின் அழகு தெரியாதவர்களாக அவர்கள் இருக்கவில்லை. கூந்தலுக்கு அகிற்புகை ஊட்டுகிற செய்தி சங்கப் பாடல்களிலேயே வருகிறது. அவர்கள் புகை ஊட்டியது மணத்துக்கு மட்டுமா, காய்வதற்கும்தானே? விளக்கு வைக்கிற நேரத்துக் கட்டளையில் சாத்திரம் பாதி இருக்கலாம், மங்கிய வெளிச்சத்தில் சோற்றில் முடி விழுந்துவிடும் என்ற நடைமுறை பாதி. அந்தப் பாதி இன்றும் சரி. அடுப்படியில் லேயர் முடிக்காரர்கள் கிளட்சர் போட்டுக்கொள்ளட்டும்.

காயவைக்கும் கலையில் சாம்பிராணிக் கூடைக்குச் சமமாக நாம் இன்னும் எதையும் கற்கவில்லை. மூங்கில் பின்னலின் ஓட்டைகள் வழியாக இளஞ்சூடு கீழிருந்து மேலாக, வேரை நோக்கி வந்தது. தலை சாய்ந்திருந்ததால் முடி தன் எடையில் வேரைப் படியவைக்கவில்லை. டிரையர் வைத்திருப்பவர்கள் பலர் இதற்குத் தலைகீழாகச் செய்கிறார்கள். சொட்டச் சொட்ட ஈரத்தில், நுனியில் இருந்து, உச்சபட்சச் சூட்டில். துண்டால் ஒற்றி, முக்கால்வாசி தானாகக் காயவிட்டு, தலையைக் கவிழ்த்து முதலில் வேர்ப்பகுதியை மட்டும் காயவைக்க வேண்டும். வகிடு வலப்பக்கம் என்றால் இடப்பக்கமாகத் தள்ளிக் காயவைத்து, காய்ந்தபின் வலப்பக்கம் எடுத்தால் உச்சி தானாக எழும்பும். பிறகு முன்பக்க அடுக்குகளை மட்டும் பெரிய ரோலர் இரண்டோ மூன்றோ போட்டு, முடி ஆறும்வரை விட்டுவிட்டுப் புடவை கட்டலாம், டிபன் டப்பா கட்டலாம். ஆறாமல் ரோலரை எடுப்பது சூட்டை வீணாக்குவது. வடிவம் நிற்பது ஆறும்போதுதான். மற்ற அடுக்குகளுக்கு எதுவும் வேண்டாம், விரல் போதும். தினமும் இவ்வளவு முடியாது என்பவர்களுக்கு முந்தைய இரவு தளர்வான ஒற்றைப் பின்னல் போட்டுக்கொண்டு படுப்பது நல்ல வழி. காலையில் அவிழ்த்தால் அடுக்கின் நெளிவு தெரியும்.

லேயர் வெட்டினால் கல்யாணத்துக்கு ஜடை வைக்க முடியாதே என்ற கவலைதான் மிச்சம். அம்மாக்கள் இதைத்தான் கடைசி ஆயுதமாக எடுப்பார்கள். கல்யாண மண்டபங்களில் போய்ப் பார்த்தால் இதற்கு விடை கிடைத்துவிடும். முதல் நாள் மாலை ரிசப்ஷனில் மணப்பெண்ணின் அடுக்கு முடி ரோலரிலிருந்து அவிழ்ந்து தோளில் சுருண்டு விழுகிறது. மறுநாள் விடியற்காலை முகூர்த்தத்துக்கு அதே தலையில் இடுப்புக்குக் கீழே தொங்குகிறது பூ தைத்த நீள ஜடை. அந்த ஜடை தனியாகத் தைத்து வந்தது. உள்ளே ஓடுவது சவுரி. அடுக்கு முடியைப் பின்னந்தலையில் இறுக்கி ஒரு சின்னக் கொண்டையாகவோ குட்டைப் பின்னலாகவோ ஆக்கி, அதன் மேல் ஜடையைப் பின்களால் பொருத்துகிறார்கள். கழுத்தோரம் துருத்துகிற குட்டைக் கற்றைகள் கனகாம்பரச் சரத்துக்கு அடியில் போய்விடுகின்றன. கழுத்தெலும்புக்குக் கீழே அடுக்கு தொடங்கிய பெண்ணுக்கு இந்த வேலை விரைவில் முடியும், கன்னத்தில் தொடங்கியவருக்குப் பின் கூடுதலாகச் செலவாகும். ரிசப்ஷனுக்கு அடித்த ஸ்ப்ரேயை அன்றிரவே அலசிவிட வேண்டாம் என்று அலங்காரம் செய்கிறவர்கள் கேட்டுக்கொள்வதும் இதனால்தான். புதிதாகக் கழுவிய முடி வழுக்கும், பின் நிற்காது.